ஹிஸ்டரிக்கு ஐம்பத்தெட்டு

அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. நியூபோர்ட் ஆற்றங்கரையில் தினம் காலையில் உங்கள் மூன்று பேரோடும் நடக்கும்போது, எழுதிக்கொண்டிருக்கிறேன், முடியப்போகிறது என்று சொல்லித் தப்பித்துவந்தேன். உண்மையில் ஒரு வரிகூட எழுதவில்லை. போன வாரம் முழங்கால் வலி என்று இரண்டு நாள் நடக்க வரவில்லை அல்லவா, அதுவும் பொய். முழங்கால் எப்போதும் போலத்தான் இருக்கிறது.

நம் சர்ச் மலருக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். "நேர்மையான வாத்தியார், ஆப்பிரிக்கா வரைக்கும் போய்ப் பாடம் நடத்துனவர். கொஞ்சம் டச்சிங்கா எழுதுங்க மேடம்" என்றீர்கள். அப்பா கடைசி ஏழு வருஷம் ஜெர்சி சிட்டியில் என்னோடுதான் இருந்தார். அபார்ட்மென்ட் லாபியில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் படுகிற பிள்ளைகளின் ஹோம்வொர்க்கையெல்லாம் வாங்கித் திருத்துவார். ஒரு ஃபாதர்ஸ் டே அன்று சபையில் மைக்கைப் பிடித்து அவரே சொன்னார்: "ஹெட்மாஸ்டரே வீடு தேடி வந்தாரு. ஒரு மார்க்கு கூட்டிப் போடலையே நான்!" எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தக் கதையில் அவர் சொல்லாத மீதி இருக்கிறது. பாதி அவருக்கே தெரியாது. அதை எழுதத்தான் இத்தனை நாள் தயக்கம். இப்போது எழுதிவிடுகிறேன், மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

எழுபதுகளின் நடுவில், ஜாம்பியாவில் நடந்தது. எனக்குப் பத்து வயது. பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு அங்கே மூன்று வருஷக் கான்ட்ராக்ட் கிடைத்தது. அந்த நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் தாமிரத்தைத் தோண்டினான், அதைக் கொண்டுபோக ரயில் போட்டான், ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலேஜ் மட்டும் கட்டவில்லை. சுதந்திரம் வந்ததும் புது அரசாங்கம் ஊர் ஊராக ஸ்கூலைத் திறந்துவிட்டது. போர்டு இருந்தது, சாக்பீஸ் இருந்தது, முன்னால் நிற்க ஆள் இல்லை. அதனால் எங்களை மாதிரி ஆட்களை விமானத்தில் அழைத்தார்கள். பின்னாளில் நான் இங்கே பாங்க் பாங்காகக் கான்ட்ராக்டில் உட்கார்ந்து பிழைத்தேனே, அதே பிழைப்புதான். நம் குடும்பத்துக்கு அடுத்தவன் நாற்காலியில் தவணைக்கு உட்காருவது என்று எழுதியிருக்கிறது போல.

ஊர் வடக்கே. சிவப்பு மண். வெள்ளைத் துணி எதைப் போட்டாலும் ஒரு வாரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அக்டோபர் வெயிலில் ஸ்கூல் தகரக் கூரை படபடவென்று சத்தம் போடும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மக்காச்சோள மாவு கிண்டுவார்கள், கூடவே கருவாடு பொரிகிற வாசனை வரும். எங்களுக்கு அது புது வாசனையா என்ன, அம்மா ஜன்னலைத் திறந்துவைத்து மோந்துகொண்டிருப்பாள். அவளும் அந்த மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துத் தோசை வார்க்கப் பார்த்தாள். தோசைக்கல்லை விட்டு அது எழுந்ததே இல்லை. அந்தக் கல்லை ஊருக்குத் திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், எடை கூடுகிறது என்று.

அப்பா இங்கிலீஷ் வாத்தியாராகப் போனவர். போன இடத்தில் ஹிஸ்டரியும் எடு என்று தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்கூல் அலமாரியில் இருந்த ஹிஸ்டரி புத்தகம் பழையது. தடித்த நீல அட்டை, கரையான் அரித்த ஓரம், உள்ளே முழுக்க இங்கிலாந்து ராஜாக்கள். எந்த ராஜா எந்த ராணியை ஏன் தள்ளிவைத்தான் என்பதெல்லாம் விவரமாக இருக்கும். அந்த மண்ணைப் பற்றி கடைசியில் ஒரே ஒரு அத்தியாயம், அதுவும் வெள்ளைக்காரன் படகில் வந்து இறங்குவதிலிருந்து தொடங்கும். அதை இனி நடத்தக் கூடாது, நம் சரித்திரத்தைத்தான் நடத்தவேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. புதுப் புத்தகம் லாரியில் வருகிறது என்றார்கள். வருஷம் முழுக்க அந்த லாரி வந்துகொண்டே இருந்தது.

அப்பா என்ன செய்வார், பாவம். ஹெட்மாஸ்டரிடம் ஒரு மெல்லிசுப் புத்தகம் இருந்தது. அதை இரவல் வாங்கி, அதிகாலையில் எழுந்து படித்து, அந்தப் பாடத்தை அன்றைக்கே வகுப்பில் நடத்துவார். நோட்ஸாக எழுதி ஸ்டென்சிலில் வெட்டி சைக்ளோஸ்டைல் போட்டுக் கொடுப்பார். எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று பாயின்ட் பாயின்ட்டாக இருக்கும். ஐந்து பாயின்ட்டுக்கு மேல் போகாது. வீடு முழுக்க அந்த மை வாசனை. பாளையங்கோட்டையில் படித்ததும் இப்படித்தான், நடத்தியதும் இப்படித்தான். நோட்ஸை மனப்பாடம் செய்து அப்படியே எழுதுகிறவன் நல்ல மாணவன். அதை யாரும் அவரிடம் தப்பென்று சொன்னதே இல்லை.

அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். பதினாறு வயது இருக்கும். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அது அவர்கள் பாஷையில் இல்லாத சொல். என் வாயில் அது அழகாக இருக்கிறது என்று அவளும் என்னைத் திருப்பி அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுக்கு நோட்ஸ் கேட்டு வருவாள். வரும்போது மடியில் வேர்க்கடலை இருக்கும், ஈர மண்ணோடு. நாங்கள் பேசியது இங்கிலீஷில்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து என் காதில் அவள் தமிழிலேயே பேசுகிறாள், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"உங்க அப்பா கான்ட்ராக்ட் எப்ப முடியுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வருஷம்."

"எனக்கு அஞ்சு வருஷம் ஆகும். பரவாயில்ல, நடுவுல வேற யாராச்சும் உக்காரட்டும். அப்புறம் அந்த நாற்காலியில நான்தான். ஹிஸ்டரி நான் எடுப்பேன்."

சும்மா சொன்னதில்லை. எங்கள் ஸ்கூல் ஃபார்ம் த்ரீயோடு, அதாவது பத்தாம் வகுப்போடு, முடிந்துவிடும். மேலே படிக்கவேண்டுமானால் தலைநகரில் பெண்களுக்கான போர்டிங் ஸ்கூலில் இடம் கிடைக்கவேண்டும். ஹெட்மாஸ்டர் பேரையும் வருஷக் கடைசி மார்க்கையும் லிஸ்ட் எழுதி அனுப்புவார். எல்லாப் பாடத்திலும் அறுபது வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் பேர் ஏறாது, படிப்பு அதோடு சரி. அவள் அப்பா லாரி டிரைவர். இடம் கிடைத்தால் அனுப்புகிறேன், கிடைக்காவிட்டால் சுரங்க ஊரில் இருக்கும் உன் அத்தை வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தார். அத்தைக்கு ஐந்து குழந்தைகள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இந்த அறுபது விஷயம் அக்காவுக்குத் தெரியும், ஹெட்மாஸ்டருக்குத் தெரியும். புதிதாக வந்த அப்பாவுக்குத் தெரியாது.

வாத்தியார் வீட்டில் பிறந்தவர்கள் உங்களில் இருந்தால் இது புரியும். பேப்பர் திருத்துகிற காலத்தில் வீடே ஆபீஸ். அப்பா சிவப்பு மையில் மார்க் போட்டு நகர்த்துவார், அம்மா நம்பர் வரிசைப்படி அடுக்குவாள், கூட்டுவது என் வேலை. முதல் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் உள்ள மார்க்கை அதில் ஏற்றிக் கூட்டி, கீழே எழுதி வட்டம் போடவேண்டும். ஒரு கட்டுக்குத் தப்பில்லாமல் கூட்டினால் ஒரு கிரீம் பிஸ்கட். நான் தப்பு விட்டதே கிடையாது. அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

அந்த நவம்பரில் முதல் மழை பெய்து, மண் வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த மத்தியானம். அக்காவின் ஹிஸ்டரி பேப்பரைக் கூட்டினேன். அறுபத்து மூன்று வந்தது. சந்தோஷமாகக் கத்தினேன்.

அப்பா பேனாவை நிறுத்தினார். "என்னட்டி சொல்லுத? ஹிஸ்டரில அறுபத்து மூணா? மறுபடி கூட்டு."

மறுபடியும் கூட்டினேன். அறுபத்து மூன்றுதான்.

"அப்ப நான்தான் ஏமாந்துட்டேன். இங்க குடு."

கணக்கென்றால் நூற்றுக்கு நூறு போடலாம், ஹிஸ்டரிக்கு அறுபது தாண்டக் கூடாது. நம் ஊரில் இது எழுதப்படாத சட்டம், உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கு காலேஜில் ஹிஸ்டரிக்கு ஐம்பத்து நான்கு போட்டார்கள், அதுதான் அந்த வருஷம் காலேஜ் ஃபர்ஸ்ட். அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அறுபதைத் தாண்டிப் போடுகிறவன் வாத்தியாரே இல்லை, வள்ளல் என்பார்.

பேப்பரைப் புரட்டினார். கிராமத்து ஆண்கள் சுரங்கங்களுக்கு ஏன் போனார்கள் என்று ஒரு பெரிய கேள்வி, இருபது மார்க். அக்கா நோட்ஸில் இருந்த ஐந்து பாயின்ட்டையும் எழுதிவிட்டு, ஆறாவதாக ஒன்று எழுதியிருந்தாள். அப்பா அதை வாய்விட்டுப் படித்தார். குடிசைக்கு வரி கட்ட அவள் தாத்தாவிடம் காசு இல்லை. வரி வாங்க வந்தவர்கள் அவர் சோளம் கொட்டிவைத்திருந்த குதிருக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த அறுவடை வரைக்கும் வீட்டில் சாப்பிட ஒன்றும் கிடையாது. அதனால் தாத்தா நடந்தே சுரங்கத்துக்குப் போனார், போக மூன்று வாரம் ஆனது. இவ்வளவுதான், எட்டோ ஒன்பதோ வரி.

"நல்லாத்தான் எழுதுதா" என்றார் அப்பா. "ஆனா நோட்ஸ்ல இல்லியே. புஸ்தகத்துலயும் இல்ல. தாத்தா சொன்னாரு, பாட்டி சொன்னான்னு எழுதுனா அது ஹிஸ்டரியா?"

ஓரத்தில் 'நாட் இன் நோட்ஸ்' என்று இங்கிலீஷில் எழுதினார். பதினான்கை அடித்து ஒன்பதாக்கினார். நான் முதல் பக்கக் கட்டத்தைத் திருத்தி, மறுபடி கூட்டி, ஐம்பத்தெட்டு என்று எழுதி வட்டம் போட்டேன். வட்டம் அழகாக வந்தது.

மறுநாள் வகுப்பில் அப்பா அதைப் பெருமையாக அறிவித்திருக்கிறார். என் சர்வீஸில் ஹிஸ்டரிக்கு நான் போட்ட அதிகபட்ச மார்க் இது, எழுந்து நில், எல்லாரும் கைதட்டுங்கள் என்று. அவள் எழுந்து நின்றாளாம்.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் ஹெட்மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உயரமான மனிதர், அந்தப் பக்கத்தில் டிகிரி முடித்த முதல் சிலரில் ஒருவர். வெறுங்காலோடு ஸ்கூலுக்கு நடந்து படித்தவர் என்று சொல்வார்கள். அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது விஷயத்தை நிதானமாக விளக்கினார்.

"மற்ற ஸ்கூல்ல எல்லாம் எண்பது, எண்பத்தஞ்சு போடுறாங்க சார். இந்தப் பொண்ணு எங்க மாகாணத்துலயே நல்லா படிக்கிற பொண்ணு. நீங்க அந்தப் பேப்பரை இன்னொரு தடவை பாத்தா நல்லது."

"நீங்க கேக்கறதால பாத்தா அது மார்க் இல்ல சார், ரெக்கமண்டேஷன்" என்றார் அப்பா. அவர் முகம் சிவந்துவிட்டது. நம் ஊரில் தாசில்தார் சிபாரிசு, மானேஜ்மென்ட் சிபாரிசு என்று வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிய மனிதர். இதுவும் அதே சாதிதான் என்று நினைத்துவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை என்பது அவருக்குப் படவே இல்லை.

ஹெட்மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "கூட்டல்ல ஏதாவது விட்டுப்போயிருக்குமா? அப்படி இருந்தா யார் மேலயும் தப்பில்ல. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில பத்து மணி பஸ்ல லிஸ்ட் போகுது. அதுக்கு முன்னால தெரிஞ்சா நானே திருத்திடுவேன்" என்றார். எவ்வளவு பெரிய கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

அப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கதவோரம் நின்ற என்னைக் கைகாட்டி, "கூட்டுனது என் மக. அவ கூட்டுனா தப்பே வராது" என்றார்.

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவர் போனபிறகு அம்மா கேட்டாள், "ஏங்க, நம்ம பிள்ளையா இருந்தா?"

"நம்ம பிள்ளையா இருந்தாலும் ஐம்பத்தெட்டுதான்."

அதுவும் சத்தியமான வார்த்தைதான். அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் கிடையாது. என் மகன் இங்கே ஹைஸ்கூலில் படித்தபோது ஹிஸ்டரியில் பி பிளஸ் வந்தது. காலேஜ் அப்ளிகேஷன் போகிற வருஷம். அவன் டீச்சருக்கு மூன்று ஈமெயில் அனுப்பினேன். மார்க் போடுகிற ரூப்ரிக் என்ன சொல்கிறது, இந்தப் பாராவுக்கு ஏன் குறைத்தீர்கள், ரீகிரேட் பண்ண முடியுமா என்று மரியாதையாக, விடாமல். மூன்றாவது ஈமெயிலுக்கு ஏ மைனஸ் ஆனது. "மாம், திஸ் இஸ் ஸோ எம்பாரசிங்" என்றான் அவன். எனக்குக் கூச்சமே வரவில்லை. நீங்களும் அனுப்பியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அப்பா சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பி பிளஸ்னா நல்ல மார்க்குதானட்டி" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஜாம்பியாவில் அந்த முதல் பெஞ்ச் பெண் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

முகம் மலர்ந்தது. ஹெட்மாஸ்டர் வந்தது ஞாபகம், அறுபதும் லிஸ்ட்டும் ஞாபகத்தில் இல்லை. "மறக்க முடியுமா? ஐம்பத்தெட்டு! அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகுறவரைக்கும் ஒருத்தனுக்கும் நான் அவ்வளவு போட்டதில்ல. எங்கயாவது பெரிய ஆளா இருப்பா."

இல்லை அப்பா, ஜனவரியில் அவள் சுரங்க ஊருக்குப் போய்விட்டாள், அத்தை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. அதற்குமேல் எனக்குத் தெரியாது. புதுப் புத்தக லாரி அந்த மார்ச்சில் வந்தது, வரிக்காகக் குதிர் கொளுத்தியது அதில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது, நீங்களே அதை வகுப்பில் ஆறாவது பாயின்ட்டாகச் சேர்த்துக்கொண்டீர்கள். இத்தனையும் வாய் வரைக்கும் வந்தது. எண்பத்தைந்து வயதுக் கிழவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். காபி வேணுமாப்பா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அவருக்குச் சொல்லாததற்கு இரக்கம் மட்டும் காரணம் இல்லை. சொன்னால் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கும். உங்களுக்கும் அதைச் சொல்லாமல் முடித்துவிடலாமா என்றுதான் இவ்வளவு தூரம் இழுத்தேன்.

ஹெட்மாஸ்டர் வந்துபோனதற்கு மறுநாள் காலை, ஏழு மணி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் வாளி நிறைவதற்காக நின்றுகொண்டிருந்தேன். அக்கா வந்தாள். அன்று ஸ்கூல் இல்லை, ஆனாலும் யூனிஃபார்ம் போட்டு, நேராக வகிடெடுத்துப் பின்னியிருந்தாள். அப்பாவைப் பார்க்க வரவில்லை, என்னைப் பார்க்கத்தான் வந்தாள். என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீதானே பேப்பர் கூட்டுற?"

"ஆமா."

"எனக்கும் கூட்டும்போது ஒரு எண் விட்டுப்போகும். எல்லாருக்கும் விட்டுப்போகும். நல்லா யோசிச்சுச் சொல்லு. தப்பு இருந்தா யாரும் உன்னத் திட்டமாட்டாங்க. நான் இப்பவே ஓடிப் போய் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடுவேன். ரெண்டு மார்க் போதும் எனக்கு."

எனக்கு எல்லாம் தெரியும். முதலில் அறுபத்து மூன்று வந்தது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் அதை ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோயிருப்பாள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே அப்பா ஷேவ் செய்துகொண்டே ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. அவ கூட்டுனா தப்பே வராது. வெளியாள் முன்னால் அப்பா என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. தப்பு விட்டாள் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. பத்து வயதில் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

"கூட்டல் சரிதான் அக்கா" என்றேன். "நான் ரெண்டு தரம் கூட்டினேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவள் என் கன்னத்தைத் தட்டி, "நீ கூட்டினா சரியாத்தான் இருக்கும்" என்றாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவளே குழாயை மூடினாள். எங்கள் வேலியைத் தாண்டினால் ஹெட்மாஸ்டர் வீடு இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள்.